அம்பயர் இல்லாத ஆட்டம்

டிஸ்க் கோல்ஃபில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் வட்டு, தூரத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடை, அவ்வளவுதான். தொடக்க மேடையிலிருந்து வட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். எல்லாக் கூடைகளையும் குறைந்த வீச்சில் முடிக்கிறவர் வென்றவர். வழக்கமாக 18 கூடைகள் ஒரு சுற்று. நான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, நடந்துகொண்டே ஆடி முடிப்பார்கள்.

அந்த நான்கு பேரோடு அம்பயர் யாரும் நடந்து வருவதில்லை. கால் குறியைத் தாண்டியதா, வட்டு எல்லைக்கு வெளியே போனதா, ஒருவர் எடுத்தது நான்கு வீச்சா ஐந்தா என்பதையெல்லாம் ஆடுகிறவர்களே பார்த்து, ஆடுகிறவர்களே சொல்லி, ஆடுகிறவர்களே எழுதிக்கொள்கிறார்கள். பெரிய போட்டிகளில் அதிகாரிகள் உண்டு. தகராறு தீராதபோதுதான் அவர்களைக் கூப்பிடுவார்கள். அதனால் இந்த ஆட்டத்தில் மரியாதை என்பது நல்ல பிள்ளைகளுக்கான அறிவுரை அல்ல, ஆட்டத்தை ஓட வைக்கும் எந்திரம். அது பழுதானால் மூன்றாவது கூடைக்குப் போவதற்குள் நான்கு பேரும் நான்கு திசையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இன்றைய வட்டு விளையாட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் உருப்பெற்றவை. வால்டர் ஃபிரெடெரிக் மாரிசன் வடிவமைத்த பறக்கும் வட்டை வாம்-ஓ நிறுவனம் 1957-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபிரிஸ்பீ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்த ஆண்டில்தான். பிறகு அதே நிறுவனத்தில் சேர்ந்த எட் ஹெட்ரிக், வட்டு தள்ளாடாமல் பறக்கும்படி அதன் மேல்புறத்தில் வளைய வளையமாக வரிகள் போட்டார். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தவரும், சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1976-ல் இந்த ஆட்டக்காரர்களுக்கான சங்கத்தையும் தொடங்கினார். 2002-ல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே அவரது சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து வட்டுகளாக வார்த்தார்கள். கங்கையிலோ கன்னியாகுமரியிலோ கரைக்கிற நமக்கு இது விசித்திரமாகப் படலாம்.

கூடை வருவதற்கு முன்பே மக்கள் இந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி எதுவும் இலக்குதான். வட்டு அதில் பட்டால் போதும். கூடை வாங்க வழியில்லாத இடங்களில் இன்றைக்கும் அப்படித்தான் ஆடுகிறார்கள். போர்ட் பிளேரில், கார்பின்ஸ் கோவ் கடற்கரையின் தென்னை வரிசையில், மாலை நேரங்களில் ஒரு சின்னக் கூட்டம் ஆடியதும் அப்படித்தான். அரசாணையில் ஊர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். ஆடியவர்களுக்கு அது போர்ட் பிளேர்தான்.

வட்டு தீவுக்குக் கப்பலில் வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மேல்படிப்புக்குச் சென்னைக்குப் போவது அந்தமான் பிள்ளைகளுக்கு வழக்கம். விமானக் கட்டணம் கையைக் கடித்தால், மூன்று நாள் கப்பல். அப்படிப் போன ஒருவர் பெசன்ட் நகர் கடற்கரையில் வட்டு வீசப் பழகி, விடுமுறைக்கு வரும்போது 175 கிராம் எடையுள்ள ஒரு வெள்ளை வட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். சேர்ந்து ஆடியவர்களில் தமிழர், வங்காளிகள், சோட்டா நாகபுரியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் காட்டு வேலைக்கு வந்து குடியேறிய ராஞ்சிக்காரர்கள் என எல்லாரும் இருந்தார்கள். தீவின் பொதுமொழி இந்தி என்பதால் சத்தமெல்லாம் இந்தியில். வட்டு ஆள் மேல் வருகிறது என்றால் “பச்கே!” என்று கத்துவார்கள். மேலை நாட்டு ஆடுகளங்களில் “ஃபோர்!” என்று கத்துவதற்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். மற்ற மரியாதைகள் இருக்கட்டும், எந்த ஊரிலும் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தச் சத்தத்தைத்தான். வேகமாக வரும் வட்டின் விளிம்பு முகத்தில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது, யார் முதலில் வீசுவது. முந்தைய கூடையில் குறைந்த வீச்சில் முடித்தவருக்கு அடுத்த மேடையில் முதல் வீச்சு. மேடையை விட்டு இறங்கிய பிறகு முறை மாறிவிடும். இலக்கிலிருந்து யார் வட்டு அதிகத் தூரத்தில் கிடக்கிறதோ அவர் முதலில் வீசுவார். பின்தங்கியவர் வீசி முடிக்கும்வரை முன்னால் இருப்பவர் அவரைத் தாண்டி நடக்கக் கூடாது. வீசுகிறவர் நிலையெடுத்த பிறகு யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது, அவர் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கக் கூடாது. கூடைக்கு நேர் பின்னால் நிற்பது பெரிய தவறு. பையின் ஜிப்பை இழுப்பது, வட்டுகளை ஒன்றோடொன்று தட்டுவது எல்லாம் அநாகரிகம். கைபேசி மணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவை வெறும் வழக்கமாக நின்றுவிடவில்லை, விதிப் புத்தகத்திலும் ஏறியிருக்கின்றன. மரியாதைக் குறைவு என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. முதல் முறை எச்சரிக்கை, அதே சுற்றில் மறுபடி செய்தால் கணக்கில் ஒரு வீச்சு கூடும். கத்துவது, கோபத்தில் பையை உதைப்பது, முறை தவறி வீசுவது, குப்பை போடுவது, மற்றவர் வீச்சைக் கவனிக்காமல் இருப்பது எல்லாம் இதில் அடங்கும். கடைசியாகச் சொன்னது புதிதாக வருகிறவர்களுக்குப் புரிவதில்லை. அடுத்தவன் வீச்சை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். காரணம் எளிது. வீசியவரை விடப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் வட்டு எந்தப் புதருக்குள் போனது என்று தெரியும்.

காணாமல் போன வட்டைத் தேட மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் தண்டனையாக ஒரு வீச்சு கூடும். அந்த மூன்று நிமிடமும் குழுவில் எல்லாரும் குனிந்து தேட வேண்டும். எதிராளிதானே, தொலையட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் மரியாதைக் குறைவுதான். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் எதிராளியின் வட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர்களை வேறு எத்தனை விளையாட்டில் பார்க்க முடியும்? வட்டின் அடியில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைப்பது ஆட்டக்காரர்களின் வழக்கம். கண்டெடுத்தவர் கூப்பிட்டுச் சொல்வார். கூப்பிடாமல் வைத்துக்கொள்கிறவரின் பெயர் அந்த வட்டாரத்தில் சீக்கிரமே கெட்டுவிடும்.

கார்பின்ஸ் கோவில் தேடுவதற்கு வேறு ஒரு வரம்பு இருந்தது. அந்தமான் கடலோரங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. பல கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகைகளே வைத்திருக்கிறார்கள். அதனால் வட்டு அலைக்குள் போனால் முழங்கால் ஆழம்வரைதான் இறங்கலாம், ஓடை வாய்ப்பக்கம் போனால் இறங்கவே கூடாது என்று அந்தக் கூட்டம் முதலிலேயே பேசிவைத்துக்கொண்டது. ஓடைப்பக்கம் வீசியவர் வட்டை இழந்தவர். வேறு யாரையும் “நீ போய் எடுத்துட்டு வா” என்று அனுப்ப முடியாது. அங்கே எழுந்த விதிகளில் ஒருவரும் ஒருபோதும் மறுத்துப் பேசாத விதி இது ஒன்றுதான். சாலையோரம் ஜப்பானியர் 1942-க்குப் பிறகு கட்டிய பதுங்கு குழி ஒன்று உண்டு. அந்தப் பக்கம் போனால் எல்லைக்கு வெளியே. அதில் தகராறு நிறைய வந்தது.

ஒரே வட்டை வைத்துக்கொண்டு நான்கு பேர் ஆடுவது எப்படி என்பதற்கும் அங்கே ஒரு வழி பிறந்தது. முறையான ஆட்டத்தில் வட்டு விழுந்த இடத்தில் உள்ளங்கை அளவு குட்டி வட்டு ஒன்றை வைத்துக் குறித்துவிட்டுப் பெரிய வட்டை எடுப்பார்கள். இங்கே குட்டி வட்டுக்குப் பதில் ரப்பர் செருப்பு. வீசியவர் ஓடிப்போய், வட்டு கிடந்த இடத்தில் தன் செருப்பில் ஒன்றை வைத்துவிட்டு, வட்டை அடுத்தவருக்குத் திருப்பி எறிவார். கடைசியில் மணலில் நான்கு செருப்புகள் வெவ்வேறு தூரத்தில் கிடக்கும். எல்லாரும் ஒரு காலில் செருப்போடு நிற்பார்கள். அடுத்த வீச்சுக்கு வரும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகும். சிலருடைய செருப்பு இலக்கை நோக்கி ஒரு முழம் நகர்ந்திருக்கும். “செருப்புக்குக் கால் முளைச்சிடுச்சு” என்று ஒருவர் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நகர்த்தியவரும் சிரித்துக்கொண்டே பின்னால் தள்ளி வைப்பார். இப்படிச் சிரித்தே தீர்த்துக்கொண்டதால்தான் அந்த ஆட்டம் பல மாலைகள் நீடித்தது என்று நினைக்கத் தோன்றுகிறது. விதி சொல்லித் திருத்தியிருந்தால் முகம் சுண்டிப்போயிருக்கும்.

இலக்கு, தென்னையின் அடிமரம். தரையிலிருந்து மார்பு உயரம்வரை எங்கே பட்டாலும் கணக்கு. பட்டதா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்வது கஷ்டம், ‘டொக்’ என்ற சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கடல் காற்று பலமாக இருந்தால் சத்தம் கேட்காது. அப்போது வீசியவர் சொல்வதுதான் முடிவு. டிஸ்க் கோல்ஃப் விதியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஒரு விஷயத்தில் குழு பெரும்பான்மை முடிவுக்கு வர முடியவில்லை என்றால் சந்தேகத்தின் பலன் வீசியவருக்கு. ஒருவர் மேல் இன்னொருவர் குறை சொன்னால், குழுவில் மூன்றாமவர் ஒருவர் “ஆமாம், நானும் பார்த்தேன்” என்று சொன்னால்தான் அது செல்லும். தன் தவறைத் தானே சொல்லிக்கொள்வதற்கு மட்டும் யாருடைய சாட்சியும் வேண்டாம்.

மதிப்பெண் எழுதும் வேலையையும் ஒருவரே எடுத்துக்கொள்வதில்லை, முறை வைத்து எழுதுவார்கள். ஒவ்வொரு கூடை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் எண்ணிக்கையை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். முணுமுணுப்பது நல்ல பழக்கமல்ல. சுற்று முடிந்து அட்டையை ஒப்புக்கொடுத்த பிறகு கணக்குத் தப்பு என்று தெரிந்தால், தப்பு யாருடையதாக இருந்தாலும், அந்த ஆட்டக்காரர் மேல் இரண்டு வீச்சு ஏறும். தெரியாமல் நடந்த பிழை என்ற சமாதானம் எடுபடாது.

விதிப் புத்தகத்தில் ஏறாத வழக்கங்களும் உண்டு. வட்டு காற்றில் இருக்கும்போதே “சூப்பர்!” என்று பாராட்டக் கூடாது. அது மரத்தில் மோதித் திரும்பினால் பாராட்டியவருக்கும் சங்கடம், வீசியவருக்கும் எரிச்சல். விழுந்த பிறகு ஒரு வார்த்தை போதும். பின்னால் வரும் குழு வேகமாக ஆடினால் ஒதுங்கி நின்று அவர்களை முன்னே விட வேண்டும். முதல் வீச்சிலேயே வட்டு கூடைக்குள் விழுந்துவிட்டால் கூட இருந்தவர்கள் எல்லாரும் அந்த வட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். கேட்காமல் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நம்மூரில் அதைக் கடைப்பிடிப்பது கடினம். தென்னை மரத்தடியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த பெரியவர்கூட “மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் மடக்கு தம்பி” என்று சொல்லிப் போவார்.

தீவுப் பிள்ளைகளுக்கு அம்பயர் இல்லாமல் ஆடுவது புதிதல்ல. நம் தெருக் கிரிக்கெட்டுக்கு எப்போது அம்பயர் இருந்தார்? சா பூ த்ரீ போட்டு ஆள் பிரிப்பதும், ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா என்று பேசி முடிப்பதும், பந்து பக்கத்து வீட்டுக்குள் விழுந்தால் அடித்தவனே போய் எடுத்து வருவதும் எல்லாம் ஆடுகிறவர்களே வகுத்த சட்டம்தான். அந்தச் சட்டத்துக்கு மேலே ஓர் உச்ச நீதிமன்றம் உண்டு: மட்டையின் சொந்தக்காரன். அவன் அவுட் இல்லை என்றால் அவுட் இல்லை. மறுத்தால் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அழுகுணி ஆட்டம் என்றும் போங்கு என்றும் திட்டலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. கார்பின்ஸ் கோவில் வட்டின் சொந்தக்காரருக்கு அந்த அதிகாரம் இல்லாமல் போனதுதான் அவருடைய நண்பர்களுக்கு முதலில் வியப்பாக இருந்தது. தன் வட்டு, தன் வீச்சு, தன் கால் கோட்டைத் தாண்டியது, அதைத் தானே சொல்லிவிட்டு மறுபடி வீசினார். “பைத்தியமா உனக்கு?” என்று கேட்டவர்களும் கொஞ்ச நாளில் அதையே செய்தார்கள். எல்லாரும் செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

வட்டின் சொந்தக்காரர் இதைக் கற்றுக்கொண்டது டிஸ்க் கோல்ஃபில் அல்ல, அல்டிமேட்டில். இரண்டு அணிகள் வட்டைக் கைமாற்றிக் கைமாற்றி எதிர்க் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பிடிக்கும் ஆட்டம் அது. புல்தரையில் அணிக்கு ஏழு பேர், மணலில் ஐந்து பேர். வட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. புல்தரையில் பத்து எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும், எண்ணுகிறவர் எதிரணிக்காரர். 1968-ல் நியூ ஜெர்சியில் மேப்பிள்வுட் ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜோயல் சில்வர் பிற்காலத்தில் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தைத் தயாரித்தவர். ஓடியும் தாவியும் ஆடும் வேகமான ஆட்டத்தை அம்பயர் இல்லாமல் ஆடுவது டிஸ்க் கோல்ஃபை விடப் பல மடங்கு துணிச்சலான காரியம். நடந்துகொண்டே ஆடும்போது நிதானமாகப் பேசித் தீர்க்கலாம். மூச்சு வாங்கும்போது முடியுமா? உலகப் போட்டிகளிலும் அதுவே நடைமுறை. உலகப் பறக்கும் வட்டுக் கூட்டமைப்பு 1985-ல் தொடங்கியது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2015-ல் அதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. ‘ஆட்டத்தின் உணர்வு’ என்று அல்டிமேட் விதியின் தொடக்கத்திலேயே எழுதியிருப்பதன் சாரம் இதுதான்: ஆட்டக்காரர் வேண்டுமென்று விதியை மீற மாட்டார் என்று நம்பித்தான் விதிகளே எழுதப்பட்டிருக்கின்றன.

சென்னையில் அல்டிமேட் வேர்பிடித்தது 2000-களின் பிற்பகுதியில். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை மணலில் தொடங்கி, ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பிள்ளைகள்வரை அது பரவியது. கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அணியில் ஆடுவது சென்னையில் வேறு விளையாட்டுகளில் எளிதில் காணக் கிடைக்காத காட்சி. செலவில்லாததும் ஒரு காரணம். ஒரு வட்டு போதும், காலணிகூட வேண்டாம். ஃப்ளைவைல்ட் என்ற சென்னை அணியைப் பற்றி பரத் மிர்லேயும் அரவிந்த் ஐயரும் எடுத்த ‘175 கிராம்ஸ்’ என்ற குறும்படம் 2015-ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஆண்டுதோறும் நடக்கும் ‘சென்னை ஹீட்’ போட்டிக்கு நாட்டின் பல நகரங்களிலிருந்தும் அணிகள் வருகின்றன.

அங்கே ஒரு தகராறு தீரும் விதம் பார்க்க வேண்டியது. எறியும்போது தடுப்பவரின் கை படுகிறது. எறிந்தவர் “ஃபவுல்!” என்று கத்துகிறார். வட்டு யார் கைக்கும் போகாமல் விழ, ஆட்டம் அப்படியே நிற்கிறது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

“எங்க பட்டுச்சு?”

“கையில. வட்டு விடறதுக்கு முன்னாடியே தட்டிட்ட.”

“விட்ட பிறகுதான் பட்டுச்சுன்னு நினைக்கிறேன். கன்டெஸ்ட்.”

“சரி.”

தடுத்தவர் ‘கன்டெஸ்ட்’ என்று மறுத்ததால் வட்டு எறிந்தவரிடமே திரும்புகிறது. அந்த வீச்சு நடக்கவே இல்லை என்பதுபோல் ஆட்டம் மறுபடி தொடங்குகிறது. யார் சொன்னது உண்மை என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. உண்மையைக் கண்டுபிடிக்க அது முயல்வதில்லை. இருவரும் நேர்மையாக வேறு வேறாகப் பார்த்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, ஒரு படி பின்னால் போய்த் தொடங்குகிறது. தடுத்தவர் தன் தவறை ஏற்றுக்கொண்டால் பேச்சு இன்னும் சுருக்கம். அந்த உரையாடலில் மற்ற ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது, கேட்டால் மட்டும் சொல்லலாம். நம்மவர்களுக்கு மிகவும் சிரமமான பாடம் இது. பேருந்தில் இருவர் சண்டை போட்டால் இருபது பேர் தீர்ப்புச் சொல்கிற ஊர் நம்முடையது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கலந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக நிற்பார்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இரண்டு அணித் தலைவர்களும் பேசுவார்கள். பிறகு எதிரணியின் நடத்தைக்கு மதிப்பெண். விதி அறிவு, உடல் மோதலைத் தவிர்த்தது, நியாய புத்தி, மனநிலையும் தன்னடக்கமும், பேசிய முறை என ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து நான்குவரை. சாதாரணமாக நடந்துகொண்ட அணிக்குத் தலைப்புக்கு இரண்டு வீதம் பத்து. போட்டியின் முடிவில் கோப்பையை ஓர் அணி வாங்கும், அதிக நடத்தை மதிப்பெண் எடுத்த அணிக்குத் தனிப் பரிசு உண்டு. இந்தியாவில் ஆண்களும் பெண்களும் கலந்த அணிகளே அதிகம் என்பதால் வட்டத்தில் இன்னொரு பேச்சும் எழும். யாரும் தடுக்காமல் நின்ற பெண்ணுக்கு ஏன் வட்டு வரவில்லை என்று எதிரணிக்காரரே கேட்டுவிடுவார். சொந்த அணிக்குள் கேட்கத் தயங்கிய கேள்வி அப்படி வெளியே வந்துவிடுவதும் உண்டு.

இதிலும் கோணல் உண்டு. விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மைதானத்தில் விதி எண்ணோடு பேசத் தெரிந்தவர் வாய் ஜெயித்துவிடும். கடல் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குப்பத்துப் பிள்ளையின் சாதாரணக் குரலே நகரத்து அணிக்குச் சண்டைக் குரலாகக் கேட்கலாம், அந்த வித்தியாசம் நடத்தை மதிப்பெண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் ஏமாற்றுகிறவர் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவதும் நடக்கும். மரியாதையை எண்ணால் அளக்கப் போனால் இதெல்லாம் வரத்தான் செய்யும். ஆனாலும் அளக்காமல் விட்டிருந்தால் வட்டத்தில் நின்று பேசும் பழக்கமே வந்திருக்காது.

அம்பயர் வேண்டாம் என்ற கொள்கையிலிருந்து விலகிப் பார்த்தவர்களும் உண்டு. 2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில்முறை லீக், டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவர்களுக்கு நின்று நின்று பேசும் ஆட்டம் அலுத்துவிடும் என்று நடுவர்களை வைத்தது. அப்போதும் பழைய வழக்கத்தை முழுக்கக் கைவிட மனமில்லை. ஓர் ஆட்டக்காரரின் அணிக்குச் சாதகமாக நடுவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்றால், அந்த ஆட்டக்காரரே குறுக்கிட்டு அந்தத் தீர்ப்பை மாற்றலாம் என்று ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டார்கள். கிரிக்கெட்டில் மட்டை விளிம்பில் பட்டது தனக்கே தெரிந்து, அம்பயர் கையைத் தூக்குவதற்கு முன்பே பெவிலியனுக்கு நடக்கிறவர்களை நாம் பேர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் அவ்வளவு அபூர்வம்.

கார்பின்ஸ் கோவுக்குத் திரும்பினால், அங்கே ஆட்டக்காரர்களுக்கிடையே உள்ள மரியாதையை விட, ஆடாதவர்களுக்குக் காட்ட வேண்டிய மரியாதை பெரிதாக இருந்தது. முறையான ஆடுகளம் என்றால் அறிவிப்புப் பலகையாவது இருக்கும். பொதுக் கடற்கரையில் நடக்கிறவர்களுக்கே முதல் உரிமை. கூட்டமாக ஒரு குடும்பம் குறுக்கே வந்தால் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர்கள் நின்று போட்டோ எடுத்தால், எடுத்து முடியும்வரை. சுண்டல் விற்பவரின் கூடைப்பக்கம் வீசக் கூடாது. குலை தள்ளிய தென்னை இலக்காகாது, மேலே பட்டு இளநீர் விழுந்தால் ஆளுக்கும் ஆபத்து, மரக்காரரிடமும் பேச்சு வாங்க வேண்டும். செடியை ஒடித்து வழி உண்டாக்கிக்கொள்வதை டிஸ்க் கோல்ஃப் விதியே தடுக்கிறது. அந்தமானில் கரையில் கிடக்கும் செத்த பவளத்தை எடுத்துப் போவதுகூடக் குற்றம். சில கடற்கரைகளில் குளிர்காலத்தில் ஆமைகள் கரையேறி முட்டையிடும். எல்லாத் தீவுக்காரர்களுக்கும் இது தெரிந்ததுதான். வட்டைத் துரத்தும் வேகத்தில் மறக்காமல் இருக்கத்தான் பழக வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கறாரான விதியை வகுத்தது சூரியன். அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் டெல்லிக் கணக்கில் ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து நான்கு மணிக்கு வருகிறவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேர வெளிச்சம். முறையான போட்டியில் ஆட்டம் இடையில் நின்றால், வட்டு கிடந்த இடத்தைக் குறித்துவைத்துப் பிறகு அங்கிருந்தே தொடர்வார்கள். மணலில் வைத்த குறி மறுநாள்வரை தங்காது. செருப்பைக் குறியாக விட்டுப் போகவும் முடியாது. ஆகவே எல்லாரும் முடித்த மரம்வரைதான் கணக்கு என்று அங்கே ஏற்பாடு. அதில் ஒரு கள்ளத்தனம் நுழைந்தது. முன்னால் இருப்பவர், கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போதே “இருட்டிடுச்சு, போதும்” என்பார். சில நாள் பேசித் தீராமல், பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருட்டிவிட்டது என்று சொல்லும் உரிமை அன்றைக்கு ஆகக் கடைசியில் இருப்பவருக்கு மட்டும். அவர் இன்னும் ஒரு மரம் என்றால் இன்னும் ஒரு மரம். முன்னால் இருப்பவர் வாயைத் திறந்தால் அது போங்கு.